மூட் கோர்ட் இல்லாமல் வேலை கிடைக்குமா?

வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு, மூட் கோர்ட் (மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) அணியில் இடம் கிடைக்கவில்லை, கையில் இருப்பது கல்லூரிச் சட்ட இதழின் ஆசிரியர் குழுப் பொறுப்பு மட்டும், இதை வைத்து சட்ட நிறுவனத்தில் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியும். எங்கள் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களை நான்தான் முதலில் படிக்கிறேன். 'ஆசிரியர் குழு உறுப்பினர்' என்று எழுதியிருந்த ஒரு மாணவியிடம், என்ன திருத்தினீர்கள் என்று கேட்டேன். அடிக்குறிப்பைச் சரிபார்க்கும்போது, கட்டுரையாளர் நம்பியிருந்த தீர்ப்பைப் பின்னால் அதிக நீதிபதிகள் கொண்ட ஒரு பெரிய அமர்வு செல்லாதென்று சொல்லிவிட்டதைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். எங்கள் தினசரி வேலையே அதுதானே! அன்றே எடுத்துக்கொண்டோம். உங்களிடமும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். விண்ணப்பத்தில் பதவிப் பெயருக்குக் கீழே அதை ஒரு வரியில் எழுதுங்கள்.

1960 முதல் நடக்கும் ஜெசப் என்ற சர்வதேசச் சட்ட மூட் போன்ற போட்டியில் நன்றாக வாதாடியிருந்தால் கவனிப்பார்கள்தான். ஆனால் சின்னச் சின்ன மூட் போட்டிகளில் பங்கேற்றதற்கான சான்றிதழ் பத்து இருந்தாலும் பெரிதாகப் பயனில்லை. கலைவிழாப் பொறுப்புகளுக்கு ஒரு வரி போதும்.

பார் கவுன்சில் விதிப்படி உங்களுக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். மிச்சமிருக்கும் வாரங்களைப் பல இடங்களில் சிதறவிடாதீர்கள். பிடித்த ஒரே அலுவலகத்துக்கு இரண்டாவது முறையும் போங்கள். வேலைக்கான அழைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அப்புறம், இதழ் பொறுப்பை இப்போது விட்டுவிடாதீர்கள்.