பதில்: மெக்கானிக்கல் டிப்ளமோ, எங்கும் அழைப்பு வரவில்லை

தம்பி, மார்த்தாண்டத்திலிருந்து ஒரே ரெஸ்யூமை எல்லா கம்பெனிக்கும் அனுப்பியும் அழைப்பே இல்லை என்கிறீர்கள். தோவாளையில் பூ விற்பவர் கல்யாண வீட்டாரிடமும் மாலை கட்டுபவரிடமும் ஒரே பேச்சா பேசுவார்? வாங்குபவர் யாரென்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் அவற்றை நடத்துபவர்களுக்குப் பெரும்பகுதி வருமானம். அப்போது ஒரு மிஷின் நின்றாலும் நஷ்டம். அதனால் காற்றுக்கு முன்பே சர்வீஸை முடிக்கப் பார்ப்பார்கள். பராமரிப்பு கான்ட்ராக்டர்களை ஜனவரி, பிப்ரவரியிலேயே நேரில் போய்ப் பாருங்கள். ரெஸ்யூமின் முதல் வரி: ‘கியர்பாக்ஸ், ஹைட்ராலிக்ஸ் தெரியும், உயரம் ஏறுவேன்.’ (தெரிந்தால் மட்டும்!) ‘கடின உழைப்பாளி’ என்பதை அடித்துவிடுங்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அப்புறம், பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுச் சம்பளம் பேசுங்கள். உயரம் ஒத்துவராதா? சொல்லுங்கள், வேறு துறை யோசிப்போம்.