எம்.டி. நாற்காலிக்கு எக்செல் மட்டும் போதாது

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 26. சி.ஏ. முடித்துவிட்டு செவ்வாப்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். பெரும்பாலும் வெள்ளிப் பட்டறை, சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கணக்குகள். மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் (கம்பெனிகளுக்குப் பங்கு வெளியிட, விற்க, வாங்க உதவும் வங்கி) அனலிஸ்ட் வேலை வந்திருக்கிறது. "கல்யாணம் ஆனா விட்டுட்டுத்தானே வரப்போறே" என்கிறார் அப்பா. இந்தத் துறையில் ஒரு பெண் உச்சிவரை போக முடியுமா?

பதில்: முடியும். அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் (எம்.டி.) என்று படிகள். மேலே போகப் பொதுவாக 12 முதல் 15 ஆண்டு ஆகும். (வைஸ் பிரசிடென்ட் ஆனதும் ஊரில் துணைத் தலைவர் என்று நினைத்து ஸ்வீட் கேட்பார்கள். அது நடுப்படிதான்.)

முதல் இரண்டு படிகளில் உழைப்பைப் பார்ப்பார்கள். கம்பெனியின் மதிப்பைக் கணிக்கும் எக்செல் மாடலில் பிழை இருக்கக்கூடாது, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தாலும் எடுக்க வேண்டும். வைஸ் பிரசிடென்டுக்குப் பிறகு ஒரே கேள்விதான்: இந்த டீலை, அதாவது பங்கு வெளியீடோ கம்பெனி விற்பனையோ, கொண்டுவந்தது யார்? கெட்டிக்காரப் பெண்கள் பலர் நின்றுபோவது இங்கேதான். "அவங்ககிட்ட கொடுத்தா தப்பே வராது" என்ற நல்ல பெயரே காலைக் கட்டிவிடும். இரண்டு மாதம் ஆவணங்களைக் குடைந்து ஒரு பங்கு வெளியீட்டுக்கு நான் வேலை செய்தேன். புரமோட்டரோடு, அதாவது கம்பெனி முதலாளியோடு, சாப்பாட்டுக்குப் போனவர் எனக்கு ஜூனியர். "அவர் லேடீஸ் இருந்தா ஃப்ரீயா பேசமாட்டார்" என்றார்கள். அடுத்த டீலுக்கு அந்தப் புரமோட்டர் கூப்பிட்டது அந்த ஜூனியரைத்தான்.

ஆகவே அசோசியேட் ஆனதுமே வாடிக்கையாளர் சந்திப்புகளில் உட்காரக் கேளுங்கள். குறிப்பு எடுக்கும் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. இதில் நீங்கள் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசனில் வாங்கிக் குவித்துவிட்டு ஜவ்வரிசி விலை இறங்கினால் ஆலைக்காரர் எப்படி மூச்சுத்திணறுவார் என்பது மும்பையில் பலருக்குப் பாடம். நீங்கள் கண்ணால் பார்த்தது. அந்த ஆலைக்காரரே நாளை உங்கள் வாடிக்கையாளர் ஆகிவிடமாட்டார், பெரிய வங்கிகளுக்கு அந்தக் கட்டணம் காணாது. ஆனால் சேலம், நாமக்கல், ஈரோடு, கோவையில் குடும்பத் தொழில்கள் பங்கு விற்கவோ வெளி முதலீடு வாங்கவோ யோசிக்கும்போது, அவர்கள் பேச்சு புரிந்த ஆள் தேவைப்படும்.

கல்யாணம், குழந்தை விஷயம். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நான் பயப்படுவது விடுப்புக்கு இல்லை. அந்த ஆறு மாதத்தில் உங்கள் வாடிக்கையாளர் யார் கைக்குப் போகிறார் என்பதற்கு. போகும் முன்பே, திரும்பியதும் அவர் உங்களிடமே வருவார் என்று மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அப்பாவிடம் ஜேன் ஃப்ரேசரைச் சொல்லலாம். கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் தொடங்கியவர். பிறகு மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்தபோது, பிள்ளைகள் சிறுவயதில் பகுதிநேரமாக வேலை பார்த்தார். 2021இல் சிட்டிகுரூப் என்ற பெரிய அமெரிக்க வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். நம் நாட்டிலேயே அருந்ததி பட்டாச்சார்யா: ஆங்கில இலக்கியம் படித்தவர், ஸ்டேட் வங்கியின் முதலீட்டு வங்கியான எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸை நடத்தியபின் 2013இல் ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவர். ஃபால்குனி நாயர் கோடக்கின் முதலீட்டு வங்கியில் எம்.டி. ஆக இருந்து, 2012இல் வெளியேறி அழகுசாதனப் பொருள் விற்கும் நைக்காவைத் தொடங்கினார்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: எந்த டீம், அதில் எத்தனை பெண் டைரக்டர்கள், அவர்கள் அங்கேயே வளர்ந்தவர்களா, வெளியிலிருந்து வந்தவர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் டீமை மாற்றிக் கேளுங்கள். வேலையில் சேர்ந்தபின் சொந்தக்காரர்கள் "எந்த ஷேர் வாங்கலாம்" என்பார்கள். வாயே திறக்கக்கூடாது, வெளியாகாத தகவலைச் சொல்வது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி குற்றம்.

ஆடிட் ஆபீஸ் கோப்பு எதையும் பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். கிளம்பும் முன் நீங்கள் கணக்குப் பார்த்த முதலாளிகளிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போதெல்லாம் அவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள்.