ஆன்லைனில் ‘கண்டாங்கி’ என்று வாங்கிய சேலை போலியாக இருந்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?

‘ஒரிஜினல் காரைக்குடி கண்டாங்கி, கைத்தறி, சுத்தப் பருத்தி’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினீர்கள். வந்தது பாலியஸ்டர் கலந்த பவர்லூம் சேலை, விற்றவர் ‘நோ ரிட்டர்ன்’ என்கிறார். ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதில் உங்களால் போட முடியாது. காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பதால் இதே கேள்வி எனக்கு நேரிலும் வரும். எல்லாரும் முதலில் பிடிப்பது அந்தச் சட்டத்தைத்தான். கண்டாங்கிக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது வாஸ்தவம். ஆனால் 1999-ம் வருடச் சட்டப்படி மீறல் வழக்குப் போடும் உரிமை, பதிவு வாங்கியவர்களுக்கும் அதில் பயனாளராகப் பதிந்த நெசவாளர்களுக்கும்தான். போலிக்கு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. சோதனை போட வேண்டுமென்றால் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி வர வேண்டும். அவரும் முதலில் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தை வாங்க வேண்டும். பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். ஒற்றைச் சேலைக்கு யார் இவ்வளவு அலைவார்கள்?

உங்களுக்குக் கைகொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிகளும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், விற்றவர் திருப்பி எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதி வைத்தாலும் இந்த இடத்தில் அது செல்லாது. விற்பனைத் தளத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததென்று 48 மணி நேரத்திலும், தீர்வை ஒரு மாதத்திலும் அவர் சொல்ல வேண்டும். அதுவும் நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். எங்களுக்கு என்றால் சிவகங்கை. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கு நிற்பதும் விழுவதும் மனுவில் எதை எழுதுகிறீர்கள் என்பதில்தான். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர், மருமகள் போனில் வாங்கிய சேலையோடு கடைக்கு வந்தார். “தம்பி, இது நம்ம ஊர்த் தறியான்னு பாத்துச் சொல்லுப்பா” என்றார். முந்தானை ஓரத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலானது, பருத்திதான். குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொளுத்தியதும் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. “ஆச்சி, குறுக்கே ஓடுறது அத்தனையும் பாலியஸ்டர்” என்றேன். பாவை மட்டும் பார்த்திருந்தால் நல்ல சேலை என்று அனுப்பியிருப்பேன்.

கைத்தறியா பவர்லூமா என்பதை வாதத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. ‘சுத்தப் பருத்தி’ பொய் என்பதை ஆய்வகச் சான்று ஒன்றே நிரூபித்துவிடும், ஆணையமே சேலையை ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியும். அதனால் மனுவில் பாலியஸ்டரை முதலில் எழுதுங்கள், பவர்லூம் பின்னால் வரட்டும். நீங்களும் கொளுத்திப் பார்ப்பதென்றால் ஓரிரு நூலோடு நிறுத்துங்கள், சேலை சாட்சிப் பொருள். புகார் போன மறுநாளே விற்பனைப் பக்கத்தில் வாசகம் மாறிவிடும் என்பதால் விற்றவர் பெயர், முகவரி, வாசகம், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் முதலில்.

தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று இடைத்தரகருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவைக் காட்டுவார்கள். விற்பனையில் முனைந்து பங்கெடுக்கும் தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் 2018-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2020-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு முனைந்து பங்கெடுக்கும் தளம், வெறும் தளம் என்ற அந்தப் பாகுபாட்டை ஏற்கவில்லை. ஆகவே தளத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், விற்றவரை விடாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பிரதியை இங்குள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘கண்டாங்கி’ என்று இருந்தால் அவர்கள் பக்கம் நடவடிக்கைக்கு வழி உண்டு. ‘செட்டிநாடு காட்டன்’ என்று மட்டும் போட்டிருந்தால் கண்டாங்கிக் குறியீட்டை வைத்து அவனைப் பிடிப்பது கஷ்டம், உங்கள் நுகர்வோர் வழக்குத்தான் மிச்சம்.