‘ஹார்ட் எல்லாம் அம்பது வயசுக்கு மேலதான மச்சி’

கேள்வி: டாக்டர் மேடம், நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில இருக்கேன். பசங்க நைட்டு ரெண்டு மணிக்கு நூடுல்ஸ், காலையில டிபன் கட், கேட்டுக்கு வெளிய தம்முன்னு இருக்காங்க. ஹார்ட்டுன்னு பேச்செடுத்தா ‘அதெல்லாம் அம்பது வயசுக்கு மேலதான மச்சி’ன்னு நழுவிடறாங்க. எப்படி மாத்துறது?
– மாணவர், கோவை

பதில்: தம்பி, அட்டாக் வேணா அம்பதுல வரலாம், ஆனா ரத்தக்குழாய்ல கொழுப்பு படிய ஆரம்பிக்கிறது உங்க வயசுலயேதான். கொரியப் போர்ல இறந்த 300 அமெரிக்க சிப்பாய்களோட இதயத்த பரிசோதிச்சு 1953ல ஒரு ஆய்வு வந்துச்சு, சராசரி வயசு வெறும் 22, அதுல 77 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய்ல பாதிப்பு தொடங்கியிருந்துச்சு. நம்ம தெற்காசியக்காரங்களுக்கு வேற மத்தவங்கள விட சில வருஷம் முன்னாடியே அட்டாக் வருது.

ஆனா இத மைக் பிடிச்சு சொன்னா எவனும் கேக்கமாட்டான். பசியோட தட்டு தூக்கிட்டு வர்றவன் எது கண்ணுல படுதோ அதத்தான் திம்பான், அதனால உங்க கையில மெஸ் இருக்கறதே பெரிய விஷயம். நைட்டு பத்தரைக்கு மேல சுண்டல், வாழைப்பழம், அவிச்ச முட்டை கிடைக்கற மாதிரி பண்ணுங்க, பாதி நூடுல்ஸ் தானா குறையும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும், அந்த மசாலா பாக்கெட்டும் ஊறுகாயும் அப்பளமுமே அதுல பெரும்பங்க முழுங்கிடும். அப்புறம் பூரி பொரிச்ச எண்ணெயிலயே மறுநாள் பஜ்ஜி போடறாங்களான்னு கான்ட்ராக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க, டோட்டல் போலார் காம்பவுண்ட் (திரும்பத் திரும்ப சூடு பண்ற எண்ணெயில சேர்ற கெட்டுப்போன பொருள்) 25 சதவீதத்த தாண்டின எண்ணெய பயன்படுத்தக்கூடாதுன்னு 2018 ஜூலையிலருந்தே உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட விதி இருக்கு, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமையும் இருக்கு.

தம் அடிக்கிறவன திட்டாதீங்க, ஒளிஞ்சு அடிப்பான், அவ்ளோதான். விட்டா ஒரே வருஷத்துல இதய நோய் ஆபத்து பாதியா குறையும்னு சொல்லுங்க, விட நினைக்கறவனுக்கு 1800 112 356 நம்பர கொடுங்க, அரசோட இலவச உதவி லைன் அது.

ஒரு ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்லயே பிபி செக்கப் வைங்க. அப்பாவுக்கு 55க்கு முன்னாடியோ அம்மாவுக்கு 65க்கு முன்னாடியோ அட்டாக் வந்திருந்தா அந்தப் பையன் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டும் எடுக்கணும். விளையாடும்போது எவனாவது நெஞ்சு வலிக்குதுன்னாலோ மயங்கி விழுந்தாலோ ‘கேஸ் டிரபிள்’னு சோடா வாங்கிக் கொடுத்துட்டு நிக்காதீங்க தம்பி, உடனே 108ஐ கூப்பிடுங்க.