பெண்களுக்கு மட்டும் இலவசப் பேருந்து, கூலிக்குப் போகும் ஆணுக்கு டிக்கெட்: இது நியாயமா?

முதலில் ஒன்று. அந்த இலவசத்துக்கான பணம் உங்கள் டிக்கெட்டிலிருந்து போவதில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் இந்தத் திட்டம் வந்தபோதே, இழப்பை அரசு மானியமாகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டும் என்று ஆணையில் இருந்தது. மானியம் வரிப்பணம்தான், அதைப் பெண்களும் கட்டுகிறார்கள்.

அப்புறம், எல்லா வண்டியிலும் இலவசம் கிடையாது. பெரும்பாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். சென்னையில் டீலக்ஸ், ஏசி வண்டியில் ஏறினால் பெண்களும் காசு கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு வருவது டீலக்ஸாக இருந்தால், வீட்டு வேலைக்குப் போகிற அக்கா அதை விட்டுவிட்டு நிற்பார், இல்லை பர்ஸைத் திறப்பார். என்னைக் கேட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

பலன் சின்னதில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமானது. மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வாங்குபவருக்கு அது பெரிய தொகை. பஸ் காசுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்பதும் இருக்கிறது.

கூலிக்குப் போகும் ஆணின் குறை நியாயமானதே. அவருக்கு வருமானத்தை வைத்துச் சலுகை தரலாம். ஆனால் அதற்குச் சான்றிதழ், அட்டை, அலுவலகத்துக்கு நடை என்று ஒரு நாள் கூலி போய்விடும். நடத்துநரும் படிக்கட்டுக் கூட்டத்தில் வருமானச் சான்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏறினால் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். ஆண்களுக்கு, மாத பாஸ் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே நடக்கக்கூடிய வழி.