ஒட்டுத்துணி

கேள்வி: சர்வாதிகாரத்தை எதிர்த்து ஓவியம் வரைவதெல்லாம் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிற வேலைதானே? எந்த ஓவியத்தால் எந்த ஆட்சி கவிழ்ந்தது?

பதில்: ஆட்சி கவிழ்வதை அப்புறம் பார்ப்போம். ஒட்டுப் போடுவதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்களே, முதலில் அதற்கு வருகிறேன்.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று ஜெனரல் பினோசே ஆட்சியைப் பிடித்தார். அவருடைய ஆட்கள் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. போய்க் கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்று பதில் வரும். சாந்தியாகோ நகரில் அவர்களுடைய அம்மாக்களும் மனைவிகளும் கத்தோலிக்க திருச்சபையின் ஆதரவில் ஒன்றாக உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். மாவு மூட்டைச் சாக்கு, அதன்மேல் கந்தல் துணியில் ஒட்டு. ஆர்பியேரா என்று பெயர்.

மேலே ஆண்டீஸ் மலை, ஒரு சூரியன். கீழே குட்டிக் குட்டிப் பொம்மைப் பெண்கள், கம்பளி நூலில் தலைமுடி, கையில் 'எங்கே அவர்கள்?' என்ற பதாகை. சிலவற்றில் ஒட்டுத் துணியே காணாமல்போனவரின் உடுப்பிலிருந்து வெட்டியது. பின்பக்கம் ஒரு சின்னப் பை தைத்து, நடந்ததை எழுதிய சீட்டை மடித்து உள்ளே வைத்திருப்பார்கள்.

பொம்பளைகள் ஏதோ தைக்கிறார்கள் என்று ராணுவம் முதலில் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் அவை கடல் தாண்டிவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சேற முடியாததை வெளிநாட்டுக்காரர்கள் சாக்குத்துணியில் பார்த்தார்கள். விற்று வந்த காசில் அந்த வீடுகளில் அடுப்பெரிந்தது.

பெரும்பாலான துணிகளில் தைத்தவர் பெயர் இருக்காது. போட்டால் அடுத்து அவர் வீட்டுக் கதவு தட்டப்படும். கையெழுத்து இல்லை, தூரிகை இல்லை என்பதற்காக இவற்றைக் 'கைவினைப் பொருள்' என்று ஒதுக்கும் விமர்சகர்களோடு எனக்குப் பழைய சண்டை. ஆண் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தால் கலை, பெண் ஊசியால் தைத்தால் வீட்டு வேலையா? இந்தக் கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, ஆட்சிக்கு வருவோம். 1988 அக்டோபர் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில், பினோசே தொடர வேண்டாம் என்று கிட்டத்தட்ட 56 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். துணியால்தான் அவர் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. காணாமல்போன மகனைக் கேட்டால், அப்படி ஓர் ஆளே இல்லை என்றது அரசாங்கம். அம்மா அவன் சட்டையை வெட்டித் தைத்து அனுப்பினாள்.