ஆறு பாட்டில் பாலும் இரண்டு வாய் சோறும்

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். எடை 11 கிலோ. சோறு என்றாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். செல்போனில் பாட்டு போட்டுக் காட்டினால் இரண்டு வாய் உள்ளே போகும், மூன்றாவது வாயைத் துப்பிவிடுவாள். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பகலில் நான்கு பாட்டில், ராத்திரி இரண்டு பாட்டில் பால் குடிக்கிறாள். 200 மில்லி பாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதுவாவது உள்ளே போகிறதே என்று விட்டுவிட்டோம். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறாள், அதுவும் அழுதுகொண்டே. இப்போது கொஞ்ச நாளாகச் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே வயதுதான், கொழுகொழுவென்று இருக்கிறான். தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். விளம்பரத்தில் வருகிற சத்துப் பவுடர் வாங்கலாம் என்கிறார் கணவர். பசி எடுக்க ஒரு டானிக் சொல்வீர்களா, டாக்டர்?
— பெயர் வேண்டாம், ஆம்பூர் அருகில்

பதில்: டானிக் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் பட்டினி கிடக்கிறாள் என்ற கவலையில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த கணக்கையே கூட்டிப் பார்ப்போம். ஆறு பாட்டில் என்றால் நாளுக்கு 1,200 மில்லி பால். சாதாரணப் பாக்கெட் பாலில் 100 மில்லிக்கு சுமார் 60 கலோரி இருக்கும். பாலிலேயே 700 கலோரிக்கு மேல் போகிறது, ஆறு ஸ்பூன் சர்க்கரையில் இன்னொரு 120. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே ஆயிரத்துச் சொச்சம் கலோரிதான். முக்கால் வயிறு பாலாலேயே நிறைந்துவிட்டது. மீதி இருக்கிற இடம் இரண்டு வாய்க்குத்தான். அதைத்தான் அவளும் சாப்பிடுகிறாள்!

எடையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயது நான்கு மாதப் பெண் குழந்தையின் நடு எடை சுமார் 12.3 கிலோ. 9.7 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடை குறைவு என்போம். உங்கள் மகள் 11 கிலோ இருக்கிறாள். முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிற குழந்தை, இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ போலத்தான் ஏறும். வளர்கிற வேகம் குறைந்தால் சாப்பாடும் குறையும். ‘ஒரு வயசு வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டா, அப்புறம்தான் இப்படி’ என்று வேலூர் பக்கம் என்னிடம் வருகிற அம்மாக்களில் பாதிப் பேராவது சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பையனை அவன் போக்கில் விட்டுவிடுங்கள். அவன் அப்பா அம்மா உயரம் வேறு, உடல்வாகு வேறு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எடை இல்லை, அந்தச் சுண்ணாம்பு. மண், சாம்பல், சுண்ணாம்பு, பச்சரிசி என்று குழந்தை தேடித் தின்றால் முதலில் ரத்தச்சோகையைத்தான் சந்தேகப்பட வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஒரு வேட்கை வரும். பலர் நினைப்பதுபோலக் கால்சியம் குறைவு காரணம் இல்லை. இத்தனை பால் குடிக்கிற பிள்ளைக்குக் கால்சியம் எங்கே குறையப் போகிறது? பாலில் இல்லாதது இரும்பு. இந்த வயதில் ஒரு நாளைக்கு சுமார் 8 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற சாப்பாட்டில் இருந்து வருகிற இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும், குழந்தை சிடுசிடுவென்று இருக்கும். பசி மந்தமானால் சோறு வேண்டாம் என்பாள், நாம் இன்னொரு பாட்டில் பால் கலக்குவோம். உங்கள் வீட்டில் நடப்பது இந்தச் சுற்றுதான் என்று நினைக்கிறேன். மலச்சிக்கலும் இதில் சேர்ந்ததே. பால் மட்டும் போய் நார்ச்சத்து போகாவிட்டால் மலம் இறுகும், வயிறு கட்டிக்கொண்டால் பசியும் எடுக்காது.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. நூற்றில் பாதிக்கு மேல். நம் பக்கத்தில் வசதியான வீட்டுக் குழந்தைகளிடமும் இதைப் பார்க்கிறேன், காரணம் பெரும்பாலும் பால் பாட்டில்தான்.

அதனால் இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபினுடன் சேர்த்து முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. சோகை இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தாகவே இரும்பு கொடுக்க வேண்டும். உடம்பு எடைக்குத் தகுந்தபடி டாக்டர் அளவு சொல்வார். கடையில் நீங்களாக ஒரு சீசா வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மருந்திலும் இரும்பின் அளவு வேறு வேறு. அதைவிட முக்கியம், அந்த சீசாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பாலோடு கொடுக்கக் கூடாது. பாலுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிவிட்டதே என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதமாவது தொடர வேண்டும். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பால்வாடியில் இலவசமாகவே கொடுப்பார்கள். சின்னக் குழந்தைக்கு நசுக்கிப் பொடியாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

தொக்கம் பற்றி. உங்கள் மாமியார் மேல் குறை சொல்ல மாட்டேன், வட ஆற்காட்டில் வளர்ந்தவர்கள் யாருக்கும் இது புதிது இல்லை. குழந்தை சாப்பிடவில்லை என்றால் குடலில் ஏதோ சிக்கியிருக்கிறது, ஊதி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஆனால் விழுங்கிய சோறு பல நாள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இருக்காது, ஊதி எடுக்கவும் முடியாது. எடுத்துக் காட்டுகிற துண்டு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். என் பயம் வேறு. அழுகிற குழந்தையைப் பிடித்து வைத்து வாயில் எதையாவது செய்யும்போது புரையேறிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமியார் மனசு ஆற வேண்டும் என்றால் திருஷ்டி சுற்றிப் போடட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பசி டானிக் என்று விற்பதில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. அதன் பக்கவிளைவாகக் கொஞ்சம் பசி கூடும், தூக்கமும் வரும். நிறுத்தினால் பழைய கதைதான். சத்துப் பவுடர் பலவற்றில் சர்க்கரை அதிகம், அதையும் பாலில்தான் கலக்கச் சொல்வார்கள். உங்கள் கணவர் அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கி வரட்டும்.

இப்போது பாலுக்கு வருவோம். கஷ்டமான வேலை இதுதான். ஒரு நாளைக்கு 400 மில்லி, மிஞ்சிப் போனால் 500. அதுவும் டம்ளரில், சாப்பிட்ட பிறகு. பாட்டிலை மொத்தமாக நிறுத்த வேண்டும். முதலில் ராத்திரி பாட்டில். பல்லில் சர்க்கரைப் பால் தேங்கியபடி தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகும், அதற்காகவும் இதை முதலில் நிறுத்தச் சொல்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாரத்தில் தண்ணீருக்கு வந்துவிடலாம். மூன்று நாள் அழுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். நான்காவது நாள் அழுகை குறையும். உங்களுக்கு விடிந்தால் கம்பெனி, தூக்கம் கெடுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. வாரக் கடைசியில் தொடங்குங்கள், முதல் இரண்டு ராத்திரி கணவர் எழுந்திருக்கட்டும்.

பகல் பால் மாமியார் கையில் இருக்கிறது. அவரைக் கூட்டாளியாக்காமல் இது நடக்காது. மருமகள் வந்து ‘டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார்’ என்றால் சண்டைதான் வரும். நாள் முழுக்கப் பிள்ளையைச் சுமப்பவர் அவர். ‘பிள்ளை வயிறு காயுதே’ என்ற தவிப்பில்தான் பாட்டிலை எடுக்கிறார். பரிசோதனைக்கு அவரையே கூட்டிப் போங்கள். டாக்டர் குழந்தையின் கீழ் இமையை இழுத்து, உள்ளே வெளுத்திருப்பதை அவரிடம் காட்டட்டும். என் அனுபவத்தில், ஆயாக்கள் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் நம்மைவிடக் கறாராக இருப்பார்கள்.

சாப்பாட்டில் பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. மாமியாருக்குத் தெரிந்த சமையலே போதும். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, காராமணிக் குழம்பு, மொச்சை, பருப்பு கடைந்தது, முட்டை. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஈரல், நன்றாக வேகவைத்து மசித்து. கறியிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பைக் கீரையில் இருப்பதைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு கொடுக்கும்போது கூடவே எலுமிச்சை பிழிந்து விடுங்கள், அல்லது ஒரு துண்டு கொய்யா, தக்காளி. கொய்யா மலச்சிக்கலுக்கும் நல்லது, விதையை மட்டும் எடுத்துவிடுங்கள். வேர்க்கடலை நம் ஊர் விளைச்சல்தான், ஆனால் முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். அரைத்து உருண்டையாகக் கொடுக்கலாம். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் நிற்கட்டும், டீயும் இரும்பைத் தடுக்கும். மாதுளையும் பீட்ரூட்டும் ரத்தம் ஊறச் செய்யும் என்று காசைக் கொட்டாதீர்கள். நிறம்தான் சிவப்பு. 100 கிராம் மாதுளையில் 0.3 மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு.

மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு வேளை சிறுதீனி. இடையில் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். கேட்கும்போதெல்லாம் ஒரு பிஸ்கட், ஒரு வாய் பால் என்று போய்க்கொண்டே இருந்தால் பசி எங்கிருந்து வரும்? மே மாத வெயிலில் பெரியவர்களுக்கே சோறு இறங்குவதில்லை, அந்த நாட்களில் மோர்ச் சாதமாகக் கொடுத்துவிட்டுப் பெரிய சாப்பாட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். அவளுக்கென்று ஒரு தட்டு வைத்து எல்லோரோடும் தரையில் உட்கார வையுங்கள். தட்டில் நான்கு ஸ்பூன் போதும். என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவள் வயிறு முடிவு செய்யட்டும். இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். புதிதாக ஒரு பொரியல் வைத்தால் பத்து முறையாவது வைத்துப் பார்த்த பிறகுதான் ‘பிடிக்கவில்லை’ என்ற முடிவுக்கு வர வேண்டும். கீழே சிந்துவாள், தலையில் தேய்த்துக்கொள்வாள். துடைத்துக்கொள்ளலாம்.

செல்போன் சாப்பாட்டு நேரத்தில் கூடவே கூடாது. படம் பார்த்தபடி விழுங்குகிற குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, என்ன ருசி என்றும் தெரியாது. ஊருக்குச் சொல்கிற நானும் யோக்கியம் இல்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது காட்பாடி ஸ்டேஷன் பக்கம் குடியிருந்தோம். மொட்டை மாடியில் கிண்ணத்தோடு நின்று, ரயில் வரும்போது ஒரு வாய், போகும்போது ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டிருந்தேன். காட்பாடியில் ரயிலுக்கா பஞ்சம், வேலை நன்றாகவே நடந்தது. அப்புறம் சத்துவாச்சாரிக்கு வீடு மாறினோம். ரயில் இல்லை. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் ரயிலுக்குப் பதில் செல்போன், அவ்வளவுதான் வித்தியாசம். செல்போனை எடுத்துவிட்டால் முதல் ஒரு வாரம் இன்னும் குறைவாகத்தான் சாப்பிடுவாள், எடை 100, 200 கிராம் இறங்கவும் கூடும். அந்த வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் மனசு இளகி மறுபடி பாட்டிலை எடுத்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, பக்கத்துப் பால்வாடியில் சேர்க்கலாம். மதியச் சாப்பாடு, வாரத்தில் சில நாள் முட்டை கிடைக்கும். வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளைகள் அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாருக்கும் இரண்டு மணி நேரம் ஓய்வு.

வேகமாக மூச்சு வாங்குவது, முகமோ காலோ வீங்குவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, மாதத்துக்கு மாதம் எடை இறங்குவது, பேச்சு வராமல் இருப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அன்றே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். அவள் சுரண்டுகிற சுவரில் பழைய பெயின்ட் உதிர்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சில பழைய பெயின்ட்களில் ஈயம் இருக்கும், அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். அதில் எடைக் கோடு வரைகிற பக்கம் ஒன்று இருக்கும், பெரும்பாலான வீடுகளில் தடுப்பூசிப் பக்கத்தைத் தாண்டி யாரும் புரட்டுவதில்லை. பிறந்ததில் இருந்து எடுத்த எடைகளைப் புள்ளி வைத்து இணைத்துத் தரச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள். உங்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் அட்டையை மாமியார் கையில் கொடுத்து அனுப்புங்கள், அவரே கேட்டு வாங்கி வருவார்.